சான்றிதழ் விளையும் நிலம்: முன்னாட் போராளிகளின் தொழிற்பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

போர் ஓய்ந்த நாடுகள் யாவற்றிலும் ஆட்சியாளரை எதிர்நோக்கும் முதல் வினாக்களுள் ஒன்று, படைக்கலம் துறந்தவரை என்செய்வது என்பதாகும். உரோமப் பேரரசு தன் படைவீரருக்கு நிலம் பகிர்ந்தளித்தது. ஆங்கில ஆட்சி பஞ்சாப்பின் கால்வாய்க் குடியேற்றங்களிலே முன்னாட் சிப்பாய்களுக்குக் காணி வழங்கிற்று. ஐக்கிய அமெரிக்கா 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகக் கல்விச் செலவும் கடனுதவியும் பண்ணைப் பயிற்சியும் அளித்தது. இவற்றின் அரசியல் நோக்கங்கள் வேறு வேறானவை. சில நேர்மையற்றவை எனவும் கூறலாம். ஆயினும் ஆயுதத்தைக் கீழே வைத்த கையில் நிலமோ பொருளோ கல்வியோ ஏதோவொன்று வைக்கப்பட்டது. இலங்கையில் 2009 மே மாதத்தின் பின்னர் முன்னாட் போராளிகளின் கையில் வைக்கப்பட்டது பெரும்பாலும் ஒரு தாள். அத்தாளுக்குச் சான்றிதழ் என்று பெயர்.

அரசாங்கத் தரவுகளின்படி ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டு, கட்டங்கட்டமாகச் சமூகத்திடம் மீளக் கையளிக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 600 பேர் சிறுவர்கள். தச்சு, மேசன் வேலை, மின்னிணைப்பு, தையல், அழகுக்கலை, கணினி, விவசாயம் முதலிய துறைகளில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி முடிவிற் சான்றிதழ் வழங்கும் வைபவங்கள் நடைபெற்றன, புகைப்படங்கள் வெளிவந்தன. அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று முப்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். உடலிற் குண்டுச் சிதறல்களோடும், இழந்த கை கால்களோடும், கூலி வேலை கிடைக்கும் நாளுக்குக் காத்திருப்போர் அவர்களிற் பலர். எனவே பயிற்சி என்ற சொல்லையே ஒருமுறை உரைகல்லில் இட்டு நோக்குதல் இன்றியமையாததாகின்றது.

இவ்வாறு நோக்குவதற்குத் தகுந்ததோர் எடுத்துக்காட்டாக அமைவது அக்குவாபோனிக்ஸ் எனப்படும் மீன்-பயிர்க் கூட்டுவளர்ப்பு. சுற்றாடலுக்கு இசைந்த தொழிற்பயிற்சியாக, போர்க்களத்திலிருந்து மீண்டோருக்கு இதனைக் கற்பிக்கலாம் என்னும் கருத்து உலகின் பல பாகங்களிலும் இன்று செல்வாக்குப் பெற்று வருகின்றது. மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறையினை முன்னாட் படைவீரருக்குக் கற்பிக்கும் பண்ணையொன்று கலிபோர்னியாவில் 2007 ஆம் ஆண்டளவிற் தொடங்கப்பட்டு வெற்றி கண்டது. அங்கே விளைந்தது இங்கும் விளையும் என்று நினைப்பது இயல்பே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீரும் நிலமும் உடைமையும் சந்தையும் எத்தன்மையன என்பதை ஆராயாது அவ்வாறு நினைப்பது, கலையின் குறையன்று, திட்டமிடுவோரின் குறை. நிலமும் நீரும் முதலும் சந்தையும் கையளிக்கப்படாத இடத்தில் எந்தப் பயிற்சியும் மறுவாழ்வாகாது. அக்குவாபோனிக்ஸ் இதற்கு விலக்காக முடியாது.

முதலில் இக்கலையின் சிறப்பை மறைக்காது கூறுதல் முறை. மீன்கள் தம் செவுள்களின் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றன. அது தொட்டியிற் சேர்ந்தால் மீனுக்கே நஞ்சாகும். அந்நீரைப் பரற்கற்கள் நிரப்பிய பாத்தியினூடு செலுத்தும்போது, கற்களிற் குடிகொண்ட ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொரு வகையின நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரேற்றைப் பயிர் உண்கின்றது; தெளிந்த நீர் மீண்டும் மீன் தொட்டியை அடைகின்றது. பற்றீரியாக்கள் நிலைபெறுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அதன் பின்னர் நாளாந்தம் வெளியிலிருந்து இடவேண்டியதிற் பெரும்பகுதி மீனுணவும், ஆவியாகிப் போன அளவு நீருமே. நிலத்திற் பயிரிடுதற்கு வேண்டிய நீரிற் பத்திலொரு பங்கு போதும் என்று இத்துறையினர் கணிப்பர். பாத்தியை இடுப்பளவு உயரத்தில் அமைக்கலாம். ஆதலால் மண்வெட்டி பிடித்துக் குனிய இயலாதவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும் இதிலே தொழில் புரிய முடியும். காலிழந்த ஒருவருக்கு இது சிறிய நன்மையன்று.

இக்கலை முற்றிலும் புதியதுமன்று. 1969 இல் நிறுவப்பட்டு அமெரிக்காவின் கேப் கொட் பகுதியில் இயங்கிய நியூ அல்கெமி நிறுவனத்தார் மீனையும் பயிரையும் ஒரே நீரில் இணைத்துப் பரிசோதித்தனர். பின்னர் வேர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி திலாப்பியா மீனைக் கொண்டு இதனை ஒழுங்கான உற்பத்தி முறையாக வளர்த்தெடுத்தார். ஆறில்லாத, மழைநீரை நம்பிய சிறு தீவுகளில் இம்முறை வளர்ந்தது என்பது யாழ்ப்பாணத்தாருக்குக் கருத்தூன்றத்தக்க செய்தி. குடாநாடும் நீரியல் நோக்கில் ஒரு தீவே.

இந்நீரியலை அறியாது இத்துறையில் எதனையும் பேச முடியாது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மாரி மழை தேங்கி, உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. மழையிற் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்துவிடும். எஞ்சிய மாதங்கள் யாவும் அவ்வில்லையிலிருந்து அள்ளும் மாதங்களே. துலாவும் சூத்திரமும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியும் மாட்டின் வலியுமே எல்லை வகுத்தன. நீரிறைக்கும் இயந்திரம் பரவிய பின்னர் அவ்வெல்லை அழிந்தது. கிணறு வற்றும்வரை இறைத்தல் முன்னேற்றம் எனப்பட்டது. அள்ளிய வேகத்துக்கு ஏற்பக் கீழிருந்து உவர் மேலெழுந்தது.

நீரின் அளவு குறைந்ததோடு அதன் தூய்மையும் கெட்டது. பூவரசங் குழை புதைத்தும், பட்டி அடைத்தும், குளத்து மண் சுமந்து பரப்பியும் வளமூட்டப்பட்ட செம்மண்ணில் செயற்கை உரம் கொட்டப்பட்டது. பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரேற்று, வெடிப்புற்ற சுண்ணக்கல்லின் வழியே தடையின்றிக் கிணற்றை அடைந்தது. நெருக்கமாகக் குடியிருப்புகள் அமைந்த இடங்களில் மலகூடக் குழிகளும் இதற்குத் துணைபோயின. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் செறிவான தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகள் அவ்வெல்லையைத் தாண்டியுள்ளமையை 1980களிலிருந்து ஆய்வுகள் எடுத்துக்காட்டி வந்துள்ளன. பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம்பாரிக்கும் நோய்க்கு இத்தகைய நீர் காரணமாகலாம். 2014 ஆம் ஆண்டளவிற் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு காணப்பட்டமையும், 2019 இல் உயர் நீதிமன்றம் அதன்பொருட்டு நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தமையும் யாவரும் அறிந்தவை. இந்த நீரைத்தான் குடாநாட்டார் குடிக்கின்றனர். இந்த நீரிலேதான் எத்தொழிலையும் தொடங்க வேண்டியுள்ளது.

இவ்விடத்து ஒரு முரண்நிலை புலப்படுகின்றது. மீனை வளர்த்து, பற்றீரியாவைப் பேணி, பல வாரம் காத்திருந்து நீரில் உண்டாக்க விரும்பும் நைத்திரேற்று, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் ஏற்கனவே கரைந்து கிடக்கின்றது! அதனை மேலும் நிலத்திற்குட் செலுத்தாமல், தொட்டிக்குள்ளேயே சுழலவிட்டுப் பயிருக்கு ஊட்டுவது அக்குவாபோனிக்ஸின் உண்மையான சூழலியற் பயன். ஆனால் தொட்டியின் அடியிற் படியும் கசடையும் மாற்றவேண்டிய நீரையும் வேலியோரத்திற் கொட்டுவாராயின் அப்பயனும் கெடும். சுண்ணக்கல்லின் மேல் கொட்டியது எதுவும் நெடுங்காலம் மேலே நிற்பதில்லை. கசடு எங்கே போகும் என்பதைக் கற்பிக்காத பயிற்சி சூழலியற் பயிற்சி என்ற பெயருக்கு உரியதாகாது.

பிறநாட்டுக் கைந்நூலை அவ்வாறே மொழிபெயர்த்துக் கற்பித்தால் நேரக்கூடியவை வேறும் உள. மீனுக்கும் பற்றீரியாவுக்கும் பயிருக்கும் ஒருங்கே ஒத்துவருவதற்கு நீரின் பீஎச் பெறுமானம் 6க்கும் 7க்கும் இடையில் நிற்றல் நன்று என்பர். குடாநாட்டுக் கிணற்று நீரோ சுண்ணாம்பு மிகுந்த வன்னீர். அதிலே பீஎச் பெறுமானம் இறங்க மறுக்கும், இரும்பும் பொசுபரசும் நீரில் இருந்தும் பயிருக்கு எட்டாமற் போகும், இலை வெளிறும். பாத்திக்குக் கல் தேடும் பயிலுநர் முதலிற் கையில் எடுப்பது வளவிற் கிடக்கும் சுண்ணக்கற் சல்லியையே. அதுவே இத்தொழிலுக்கு முற்றும் ஒவ்வாத கல். நாடோறும் கரைந்து நீரின் வன்மையைப் பெருக்கும். கருங்கற் சல்லியோ குடாநாட்டுக்கு அப்பாலிருந்து விலைகொடுத்துக் கொணரப்படுவது. ஆகவே யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற முறை கிணற்றிலிருந்தன்றி மாரிமழையைத் தேக்கும் தொட்டியிலிருந்து தொடங்குதல் வேண்டும். அம்மழைத்தொட்டியின் செலவு எத்தனை திட்ட மதிப்பீடுகளில் இடம்பெறும் என்பது கேட்கப்படவேண்டிய வினா.

அடுத்தது மின்சாரம். நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டியில் நீரோட்டமும் காற்றூட்டலும் நின்றால், சில மணி நேரத்திலேயே மீன்கள் மூச்சுத் திணறி மடியும். 1990 முதற் பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்தது குடாநாடு. 2022 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. தோட்டக்காரனின் கத்தரி ஒருநாள் நீரின்றி வாடும். மறுநாள் இறைத்தால் நிமிரும். இறந்த மீன் நிமிர்வதில்லை. சூரிய மின்கலமும் சேமிப்பு மின்கலமும் தேவை எனப்படும். தேவைதான், அவற்றின் விலையை யார் கொடுப்பது? ஒரு மாத காலப் பயிற்சியும், ஒரு பிளாத்திக்குத் தொட்டியும், நூறு குஞ்சு மீனும் கொடுத்து அனுப்புவோர் இவ்வினாவுக்கு விடை கூறுவதில்லை.

மூன்றாவது சந்தை. திலாப்பியா இலங்கைக்கு 1952 இல் அறிமுகம் செய்யப்பட்டது. உலர்வலயக் குளங்களை அண்டிய மக்களுக்கு அது எளிய புரதமாயிற்று. நன்னீர் மீன்வளர்ப்புக்கு அரசு அளித்துவந்த ஆதரவு 1990 இல் நிறுத்தப்பட்டு 1994 இன் பின்னரே மீண்டது என்பதும், ஒரு கொள்கை மாற்றத்தால் ஒரு தொழில் எவ்வாறு முடங்கும் என்பதைக் காட்டும். குடாநாட்டில் நிலைமை மேலும் கடினம். மூன்று புறமும் கடலும் களப்பும் சூழ்ந்த நாட்டில் ஓராவும் ஒட்டியும் விளைமீனும் சுவைத்த நாக்கு, குளத்து மீனை இலகுவில் ஏற்பதில்லை. மீன்வளர்ப்பின் செலவிற் பெரும் பங்கை விழுங்குவது மீனுணவு. அதன் மூலப்பொருள்கள் இறக்குமதியையும் நாணய மாற்று விலையையும் பொறுத்தவை. உற்பத்திச் செலவு சந்தையின் கையில், விற்பனை விலையும் சந்தையின் கையில். நடுவே நிற்பவன் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றான்.

எந்த முயற்சியையும் குறைகூறி நிறுத்திவிடுவது எளிது, ஏதேனும் பயிற்சி இருப்பது ஒன்றுமில்லாமையினும் மேல் என்று சிலர் மறுத்துரைப்பர். இவ்வாதம் மேலோட்டமாக நோக்குவார்க்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் தோல்வியடைந்த பயிற்சி வெறுமனே பயனற்றுப் போவதில்லை. அது பழியை இடம்மாற்றுகின்றது. காணி இல்லாதவன், கடன் கிடைக்காதவன், சந்தையிற் பேரம் பேச வலியற்றவன் தொழிலில் வீழும்போது, பயிற்சி கொடுத்தோம், முன்னேற அவனுக்கு மனமில்லை என்று கூறும் உரிமையை அது அதிகாரிகளுக்கு அளிக்கின்றது. சமூகத்தின் கடன் தனிமனிதனின் சோம்பலாக உருமாறுகின்றது. ஒன்றுமில்லாமையினும் இது கொடிது.

பயிற்சி என்ற கொள்கையின் அடியில் மற்றோர் எடுகோளும் மறைந்துள்ளது. முன்னாட் போராளி எதுவும் அறியாதவர் என்பதே அது. படகின் பொறியைத் திருத்தியோர், களத்தில் மருத்துவம் பார்த்தோர், களஞ்சியக் கணக்கை நடத்தியோர், வரைபடம் வாசித்தோர், சமையற்கூடம் நடத்தி நூற்றுக்கணக்கானோருக்கு உணவளித்தோர் அவர்களிடையே இருந்தனர். அவர்தம் அரசியலைப் பற்றி எவர் எக்கருத்துடையவராயினும் ஆகுக, அத்திறன்கள் திறன்களே. அவற்றை அளந்து, தேசிய தொழிற் தகைமையில் உரிய மட்டத்தை வழங்க முயலாமல், பெண்களைத் தையற் பொறியின் முன்னும் ஆண்களை மேசன் கரண்டியின் முன்னும் இருத்தியமை, அறிவூட்டல் என்பதைவிட அடக்கமூட்டல் எனவே தோன்றுகின்றது.

வரலாறு இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. முதலாம் உலகப் போரின் பின் அவுஸ்திரேலிய அரசு போர்மீண்ட வீரரைப் பெருந்தொகையாகப் பண்ணை நிலங்களிற் குடியேற்றிற்று. அம்முயற்சி பெரும் நட்டத்தில் முடிந்தது. அதனை விசாரித்த நீதிபதி பைக் 1929 இல் அளித்த அறிக்கை நட்டத்தை 2 கோடியே 30 இலட்சம் பவுணுக்கு மேல் எனக் கணித்து, தோல்விக்கு நான்கு முதன்மைக் காரணங்களைக் குறித்தது: முதற்பொருள் இன்மை, குடும்பத்தைத் தாங்கப் போதாத காணி அளவு, வேளாண்மைக்குப் பொருத்தமும் பயிற்சியும் அற்றோர் தெரிவானமை, விளைபொருள் விலையின் வீழ்ச்சி. நான்கனுள் ஒன்றே பயிற்சியோடு தொடர்புடையது. ஏனைய மூன்றும் முதலும் நிலமும் சந்தையும் பற்றியவை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எழுதிவைக்கப்பட்ட பாடம் இது. அங்கே நிலமாவது கொடுத்தனர். இங்கே நான்கனுள் எளியதும் மலிந்ததுமாகிய ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுத்து, அதற்கு மறுவாழ்வு என்று பெயர் சூட்டினர்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு வேண்டாம் எனின், வன்னியே சான்று பகரும். 1960களில் தொடங்கப்பட்ட படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் காலூன்றின. அங்கே சென்ற இளைஞரிற் பலர் மண்வெட்டி பிடித்துப் பழகாதவர். எழுதுவினைஞர் வேலைக்குக் காத்திருந்தவர். அவர்களுக்குக் காணி இருந்தது, குளத்து நீர் இருந்தது, கடன் இருந்தது. 1970 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு காரணமாகச் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலையும் இருந்தது. தொழிலை அவர்கள் வயலிலேயே கற்றுக்கொண்டனர். 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அதே மனிதர், அதே அறிவுடன், அதே மண்ணில் நட்டப்பட்டனர். அவர்களுடைய பயிற்சி 1977 இல் திடீரென மறைந்துபோகவில்லை. மறைந்தது விலைப் பாதுகாப்பு.

குடாநாட்டில் நிலத்தின் நிலை என்ன? காணியுடைமை நெடுங்காலமாகச் சாதியமைப்போடு பின்னிப் பிணைந்தது. பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலிற் சொல்லியே விற்கவேண்டும் என்னும் தேசவழமை விதி, வெளியார் கையில் நிலம் செல்வதை மேலும் கடினமாக்குகின்றது. போராட்டத்திற் சேர்ந்தோருட் கணிசமானோர் காணியற்ற குடும்பங்களிலிருந்தும் கடற்றொழிற் குடும்பங்களிலிருந்தும் வந்தவர். வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தோரின் வளமான செம்மண் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2013 இல் ஏறத்தாழ 6,380 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. 2015 முதல் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டமை உண்மையே. ஆயினும் மக்களின் தோட்டக் காணியிற் படையினர் மரக்கறி பயிரிட்டனர். மக்களுள் நிலமற்றோருக்கோ மண்ணில்லாமற் பயிர் வளர்க்கும் வித்தை உகந்ததெனப்படுகின்றது. மண்ணில்லா வேளாண்மை என்ற தொடர் பிற நாடுகளிலே தொழில்நுட்பத்தின் பெயர். குடாநாட்டில் அது அரசியல் நிலைமையின் பெயருமாகிவிடக் கூடாது.

கூலியேனும் கொடுத்த ஒரு முயற்சியையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பண்ணைகளை நடத்தி முன்னாட் போராளிகள் பலரை வேலைக்கமர்த்தியது. 2018 இல் இடமாற்றம் பெற்ற ஓர் அதிகாரிக்கு விசுவமடுவில் மக்கள் கண்ணீருடன் விடைகொடுத்த காட்சி தமிழரிடையே பெரும் விவாதத்தை எழுப்பிற்று. சிலர் அம்மக்களை ஏசினர். சிலர் அதனை நல்லிணக்கம் எனப் போற்றினர். இருசாராரும் காணத் தவறியது மாதச் சம்பளம் என்னும் எளிய பொருளை. மாதந்தோறும் ஒழுங்காகக் கூலி கிடைக்கும் இடம் அதுவொன்றே என்றால், அந்தக் கண்ணீர் நன்றியின் அடையாளம் மாத்திரமன்று. ஏனைய நிறுவனங்கள் அனைத்தின் மீதும் சுமத்தப்பட்ட குற்றப்பத்திரமுமாகும். அதேவேளை, படைசார்ந்த திணைக்களத்தின் கீழ்ச் சீருடையோடு செய்யும் வேளாண்மை குடிமை வாழ்வுக்கு மீளுதல் ஆகாது. நிலமும் விளைவும் திணைக்களத்துக்கு உரியனவாயிருக்க, உழைப்பு மட்டும் உழைப்பவனுக்கு உரியதாகின்றது.

சூழலியலையும் கூலியையும் இணைத்த முன்மாதிரி ஒன்று இந்தியாவில் உண்டு. முசூரி மலைச்சாரலில் சுண்ணக்கல் அகழ்வினாற் சிதைந்த நிலத்தை மீட்க 1982 இல் ஓய்வுபெற்ற படைவீரரைக் கொண்ட சூழலியற் படையணி ஒன்று நிறுவப்பட்டது. 1985 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பள்ளத்தாக்கின் அகழ்விடங்கள் பலவற்றை மூடப் பணித்தது. படையணியினர் சம்பளம் பெற்று மரம் நட்டனர், தடுப்பணை கட்டினர், பின்னர் இதுபோன்ற அணிகள் இராசத்தான் பாலைநிலத்திலும் அமைக்கப்பட்டன. படையமைப்பு யாழ்ப்பாணத்துக்கு வேண்டியதன்று. ஆயின் சுற்றாடலைத் திருத்துதல் ஊதியம் பெறும் பொதுப்பணி என்ற கோட்பாடு வேண்டியது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. குடாநாடெங்கும் ஆயிரமளவான குளங்களும் கேணிகளும் தூர்ந்தும் குப்பை நிறைந்தும் உள்ளன. பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம் பல்லாண்டுகளாகியும் முற்றுப்பெறவில்லை. வேலை இல்லை என்று கூறப்படும் நாட்டில் இவ்வளவு வேலை கிடக்கின்றது. அதற்குச் சம்பளம் இல்லை என்பதே உண்மை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. வெளிநாடுகளில் வாழ்வோரின் பற்றை மூடிய காணிகளைக் கிணற்றோடு சேர்த்து, இருபதாண்டுக்குக் குறையாத எழுத்துமூலக் குத்தகையில், முன்னாட் போராளிகளும் அயலிலுள்ள காணியற்ற குடும்பங்களும் ஒருங்கே அங்கம் வகிக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்குதல் வேண்டும். முன்னாட் போராளிகளைத் தனியே பிரித்துவைத்தல் கண்காணிப்புக்கு வசதியாகலாம், வாழ்வுக்கு உகந்ததன்று. கூட்டுறவு யாழ்ப்பாணத்துக்குப் புதிய பாடமுமன்று. மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கமும், மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும், பனை தென்னை வளச் சங்கங்களும் இம்மண்ணிற் பிறந்தவை. கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரால் நகர நடுவே மண்டபம் நிற்கின்றது. அவர் பற்றிய நினைவு மண்டபத்தளவில் நின்றுவிடலாகாது.

அச்சங்கங்களின் காணியில் மழைத்தொட்டியும், கருங்கற் பாத்தியும், சூரிய மின்கலமும் பொதுச்சொத்தாக அமையுமாயின் அக்குவாபோனிக்ஸ் தன் தகுதிக்குரிய இடத்தைப் பெறும். குனிய இயலாத அங்கத்தவர் அதனை நடத்துவர். ஏனையோர் செம்மண்ணில் அளவறிந்த உரத்தோடு பயிரிடுவர். கசடு மக்கி அவர்களின் பாத்திக்குப் பசளையாகும். 2021 இல் செயற்கை உர இறக்குமதியை ஒரே இரவிற் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்தபின் அதே ஆண்டு நவம்பரிற் பின்வாங்கிய அரசின் அனுபவம், சூழலியல் மாற்றம் ஆணையினால் வருவதில்லை எனக் காட்டிற்று. அது இவ்வாறு படிப்படியாக, விவசாயியின் நட்டத்தைப் பொதுப்பணம் தாங்கும்போதே வரும். விளையும் கீரையையும் மீனையும் வைத்தியசாலைகளும் பல்கலைக்கழக விடுதிகளும் பாடசாலை மதிய உணவுத் திட்டமும் ஒப்பந்த விலையில் வாங்குதல் வேண்டும். அரசிடம் சந்தையே இல்லை என்பது பொய். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுக்களைகள் அதன் கையில் உள்ளன.

பல்கலைக்கழகத்தின் கடனும் இங்கு எழுகின்றது. கிளிநொச்சியில் விவசாய பீடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீரை ஆராயும் புவியியலாளரும், இரசாயனவியலாளரும், மீனியலாளரும் உளர். நைத்திரேற்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் நாற்பது ஆண்டுகளாக எழுதப்பட்டு வருகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், நூலக அடுக்குகளில் உறங்குகின்றன. எந்தக் கிணற்றுநீர் அளக்கப்பட்டதோ அந்தக் கிணற்றின் சொந்தக்காரன் முடிவை அறியாதிருப்பது ஆராய்ச்சியின் வெற்றியாகாது. கிணற்றுக் கிணறாக நீரை அளந்து, தமிழில் எழுதி, படலையிற் கொண்டுபோய்க் கொடுக்கும் பணிக்கு முன்னாட் போராளிகளைப் பயிற்றிச் சம்பளத்தோடு அமர்த்தலாம். அத்தகைய பயிற்சி உண்மையான சூழலியற் தொழிற்பயிற்சியாகும். ஏனெனில் அதன் முடிவிற் தொழில் உண்டு. 2024 இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமையால் நிலத்தடி நீரைக் காக்கவேண்டிய கடமை ஒழிந்துவிட்டதாக எண்ணலாகாது. கடனுக்கு வாங்கிய நீரைக் குடித்துக்கொண்டு, முன்னோர் விட்டுச்சென்ற நீரை நஞ்சாக விடுதல் அறிவுடைமையன்று.

இனிமேல் முன்னாட் போராளிகளுக்கான எப்பயிற்சித் திட்டமும் கொண்டுவரப்படும்போது, மாணவரும் விரிவுரையாளரும் பொதுமக்களும் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. பயிற்சி முடிந்த மறுநாள் இவர் எந்த நிலத்தில் நிற்பார்? எந்த நீரை எடுப்பார்? யாருடைய பணத்தில் தொடங்குவார்? விளைவை யார், என்ன விலைக்கு வாங்குவார்? நான்குக்கும் எழுத்தில் விடை தராத திட்டம், எத்துணைப் பசுமையான பெயரைச் சூடியிருப்பினும், நிராகரிக்கத்தக்கது. அவ்விடைகளோடு வருமாயின், அது மீன் தொட்டியாயினும் ஆகுக, மிளகாய்த் தோட்டமாயினும் ஆகுக, அதற்குத் தோள்கொடுத்தல் கற்றோர் கடன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சான்றிதழ்கள் பேழைகளில் மடிந்து மஞ்சளாகின்றன. அவற்றை வைத்திருப்போர்க்கு முதுமை நெருங்குகின்றது. கிணறுகளில் நைத்திரேற்று ஏறுகின்றது. இவ்விரண்டும் தனித்தனித் துயரங்களாகத் தோன்றினும், ஒன்றுக்கு மருந்து மற்றொன்றினுள்ளேயே இருக்கின்றது: நீருக்கு உழைக்கும் கைகள் வேண்டும், கைகளுக்கு ஊதியமும் உரிமையும் உள்ள வேலை வேண்டும். இரண்டையும் இணைக்கும் பொறுப்பைத் தட்டிக்கழித்து, மேலும் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடக்கிவைக்கும் விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவதை இச்சமூகம் இனியேனும் நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.